பழைய காரில் பெட்ரோல் பிரஷர் குறைகிறதா? பம்பை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

என்னிடம் இருப்பது 2006 மாடல் சான்ட்ரோ ஸிங். போன சித்திரையில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தோம், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் இழுவை இல்லை, இரண்டாவது கியரில் குலுங்கிக் குலுங்கி நகர்ந்து ஒன்பதாவது வளைவில் நின்றேவிட்டது. பின்னால் பஸ், பக்கத்தில் பள்ளம், பின்சீட்டில் அம்மா. இருபது நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல் முடிய மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதத்தில் பிளக் 640 ரூபாய், இக்னிஷன் காயில் 2,100, த்ராட்டில் பாடி சுத்தம் செய்ய 800, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின் மோட்டார் 2,300, அதற்கு லேபர் 900, அதுவும் சரிவராமல் முழு பம்ப் அசெம்ப்ளி 6,200, மறுபடியும் லேபர் 900. மொத்தம் 13,840 ரூபாய். உண்மையான கோளாறு, பம்புக்குப் போகும் ஒரு கனெக்டரும் துருப்பிடித்த எர்த் பாயின்ட்டும். அதைச் சரிசெய்ய லேபரோடு 680 ரூபாய். இடையில் ஒருவர்கூட பிரஷரை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை, நானும் அளக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நீங்கள் அந்தப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு, அதாவது எம்பிஎஃப்ஐ கார்களுக்கு மட்டும். கார்ப்பரேட்டர் வண்டியில் பிரஷர் சில பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு, பார் என்பதும் அப்படித்தான்) அளவுதான், கதையே வேறு. டீசல் காமன் ரெயிலில் பிரஷர் ஆயிரம் பார் தாண்டும், அந்தப் பக்கம் நாமாகக் கை வைக்கவே கூடாது.

1. வண்டி என்ன செய்கிறது என்று எழுதி வையுங்கள்

மெக்கானிக்கிடம் போய் "வண்டி இழுக்கல" என்று மட்டும் சொன்னால் அவர் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவார், அதில் தப்பும் இல்லை. ஒரு சின்ன நோட்டு போட்டு ஒரு வாரம் எழுதுங்கள்: எப்போது, எந்த கியரில், எவ்வளவு வேகத்தில், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஏசி ஓடியதா, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு.

பிரஷர் குறைவுக்கு ஒரு முகம் உண்டு. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, வண்டி நன்றாகவே ஓடும், ஊருக்குள் மெதுவாகப் போனாலும் தெரியாது, ஏற்றத்திலோ ஓவர்டேக் செய்யும்போதோ இன்ஜின் அதிகமாகப் பெட்ரோல் கேட்கிற நேரத்தில்தான் தொண்டையை அடைத்த மாதிரி ஆகும். காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் எடுக்கிறது என்றால் அதையும் தனியாகக் குறியுங்கள், அது வேறு காரணத்தைக் காட்டக்கூடும், 6-வது படியில் சொல்கிறேன்.

ஒரு பொறி: சூடானதும் நின்று, ஆறியதும் எடுத்தால் பம்ப்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். இன்ஜின் சுழல்வதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சார் கெட்டாலும் அச்சு அசல் இதே மாதிரிதான் நடக்கும். நின்ற அந்த நேரத்தில் ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால் பிரித்துவிடலாம். ஸ்பார்க் வந்து பிரஷர் இல்லை என்றால் பம்ப் பக்கம், பிரஷர் இருந்து ஸ்பார்க் இல்லை என்றால் சென்சார், காயில் பக்கம்.

2. உங்கள் வண்டியில் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா?

ரிட்டர்ன் லைன் என்பது மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய். பானட்டைத் திறந்து இன்ஜெக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குழாயை, அதாவது ஃபியூவல் ரெயிலைப் பாருங்கள். அதற்கு இரண்டு பெட்ரோல் ஹோஸ் வந்து, ஒரு மூலையில் சின்னக் குடுவை மாதிரி, பிரஷரை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரும் அதிலிருந்து மெல்லிய வேக்குவம் ஹோஸும் இருந்தால் அது ரிட்டர்ன் வகை. 1990-களின் கடைசியில் வந்த கார்களில் இதைப் பார்க்கலாம். ஒரே ஒரு ஹோஸ்தான் வருகிறது என்றால் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே, பம்போடு சேர்ந்து இருக்கிறது என்று அர்த்தம். என் ஸிங் இந்த இரண்டாவது வகை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீடியோக்களில் பாதி "ரிட்டர்ன் ஹோஸை அழுத்திப் பிடி, பிரஷர் ஏறுகிறதா பார்" என்று சொல்லும். ரிட்டர்னே இல்லாத வண்டியில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் பைப்பை நசுக்கி உடைப்பதில்தான் முடியும்.

சரியான அளவு எவ்வளவு? ரிட்டர்ன் இல்லாத ஸிங்குக்கு ஏறக்குறைய 3.5 பார், அதாவது 50 பிஎஸ்ஐ. ரிட்டர்ன் வகைகளில் பொதுவாக வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 3 பார் பக்கத்திலும், மாட்டினால் ஐடிலில் அதைவிட அரை பார் குறைவாகவும் இருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைக் கட்டாயம் தேடி எடுத்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் காரின் எண்ணை வைத்து உங்கள் காருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, பிரஷர் கேஜில் இரண்டு அளவும் போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

3. காசு செலவில்லாத சோதனைகள், அரை மணி நேரம்

டேங்கில் ஐந்து லிட்டராவது பெட்ரோல் ஊற்றுங்கள். பழைய வண்டியில் பெட்ரோல் முள் சொல்வதை நம்ப முடியாது.

சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பின்சீட்டுப் பக்கம் ஒருவரை உட்கார வையுங்கள். இரண்டு மூன்று விநாடி 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே. ரிலே பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும், அதே எண் போட்ட இன்னொரு ரிலே பக்கத்திலேயே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், செலவே இல்லை. சத்தம் வருகிறது என்பதற்காகப் பம்ப் நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என் வண்டியில் கடைசிவரை சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.

வண்டி திணறும்போது ஓரம் கட்டி பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதற்கப்புறம் வண்டி ஒழுங்காக ஓடினால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. மூடியை மாற்றுவதோடு வேலை முடிந்தாலும் முடியலாம்.

ஏர் ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சொல்லவே தேவையில்லாத விஷயம், ஆனால் இரண்டு பட்டறைகளில் என் வண்டியில் அதைப் பார்க்கவில்லை.

2010-க்கு முந்தைய வண்டி என்றால் ஸ்கேனரை நம்பி உட்கார வேண்டாம். வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி வசதி இந்தியாவில் கட்டாயமானதே பிஎஸ்4 புகை விதி வந்த பிறகுதான், சந்தையில் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிள்கள் பல பழைய வண்டிகளோடு பேசாது. பேசினாலும் பெரும்பாலான பழைய வண்டிகளில் பெட்ரோல் பிரஷருக்கு என்று தனி சென்சாரே இல்லை, ஸ்கேனர் எதை வைத்துச் சொல்லும்?

4. வாங்க வேண்டியவை

ஃபியூவல் பிரஷர் கேஜ் செட், டி ஜாயின்ட்டோடு. நான் ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது செட்டில் டி வடிவ இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அமெரிக்கக் கார்களில் ரெயிலிலேயே டயர் வால்வு மாதிரி ஒரு சோதனை முனை இருக்கும், நம் சிறிய கார்களில் பெரும்பாலும் இருக்காது. முனை இல்லாத வண்டியில் பைப் ரெயிலில் சேரும் இடத்தில் டி ஜாயின்ட் போட்டுத்தான் அளக்க வேண்டும்.

மல்டிமீட்டர் 450 ரூபாய். எப்படியும் வீட்டில் பயன்படும்.

பெட்ரோல் ஹோஸ் இரண்டு அடி, அடி 120 ரூபாய். இங்கே கவனம். கடையில் பெட்ரோல் டியூப் என்று கேட்டால் பைக்குக்குப் போடும் சாதா டியூபைக் கொடுத்துவிடுவார்கள், அது 50 பிஎஸ்ஐ தாங்காது. இன்ஜெக்‌ஷன் ஹோஸ் என்று கேளுங்கள், மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும். டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்9-ம் போதாது, அதற்கு ஆர்10 வகை வேண்டும், இல்லையென்றால் ஹோஸின் வெளிப்பக்கம் ஊறி உப்பி, சில மாதத்தில் பிளந்துகொள்ளும். கிளாம்ப் நான்கு, பல் வெட்டாத வகை.

அப்புறம் தீயணைப்பான். சின்னது, பவுடர் வகை. இதை வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், நான் உண்மையாகவே சொல்கிறேன்.

கருவி வாங்க மனமில்லை என்றால், பிரஷர் கேஜ் வைத்திருக்கும் பட்டறையைத் தேடுங்கள். போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ஃபியூவல் பிரஷர் கேஜ் போட்டு ஓட்டிப் பார்த்து ரீடிங் சொல்வீங்களா, அதுக்கு எவ்வளவு?" எங்கள் பக்கத்தில் 500 ரூபாய் கேட்டார்கள். "அதெல்லாம் தேவையில்லை, பம்ப்தான் போயிருக்கும்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

5. பிரஷரை இறக்கிய பிறகுதான் ஹோஸில் கை

வண்டியை நிறுத்தி மணிக்கணக்கானாலும் லைனில் பிரஷர் நிற்கும். அப்படியே ஹோஸைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும், சூடான இன்ஜினில் தெறித்தால் தீ.

வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, காலையில் செய்யுங்கள். பின்சீட்டின் அடிப்பகுதியைத் தூக்கினால் டேங்கின் மேல் ஒரு மூடி இருக்கும் (சில மாடல்களில் இது இருக்காது, டேங்கையே இறக்க வேண்டும், அந்த வண்டிகளில் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்தால் போதும்). மூடியைத் திறக்கும் முன் அந்த இடத்தை நன்றாகத் துடையுங்கள். என் வண்டியில் அந்தப் பள்ளத்தில் பதினைந்து வருட மணலும், கடலைத் தோலும், பிள்ளைகள் தொலைத்த ஒரு ரூபாய் நாணயமும் கிடந்தன, அதில் ஒரு சிட்டிகை டேங்குக்குள் விழுந்தாலும் பம்பின் வாயில் இருக்கும் சல்லடை அடைத்துக்கொள்ளும்.

பம்ப் கனெக்டரைக் கழற்றுங்கள். இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடித் தானாக அணையும். இன்னொரு முறை இரண்டு விநாடி செல்ஃப் அடியுங்கள். சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். அதற்கப்புறமும் கொஞ்சம் பெட்ரோல் ஒழுகத்தான் செய்யும், ஜாயின்ட்டைச் சுற்றிப் பருத்தித் துணி சுற்றிக் கழற்றுங்கள். மஞ்சள் குண்டு பல்பு வைத்த லைட் பக்கத்தில் வேண்டாம், எல்இடி டார்ச் போதும்.

6. கேஜை மாட்டி மூன்று ரீடிங்

டி ஜாயின்ட்டை மாட்டி, கிளாம்ப் இறுக்கி, கனெக்டரையும் பேட்டரியையும் திரும்ப மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து ஆஃப் செய்து, கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சொட்டு ஒன்று தெரிந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

முதல் ரீடிங், சாவி ஆன். இரண்டு மூன்று முறை ஆன் ஆஃப் செய்தால் முள் சரியான அளவுக்கு அருகில் போய் நிற்க வேண்டும்.

இரண்டாவது, ஐடில். ரிட்டர்ன் இல்லாத வண்டியில் முள் 3.5 பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஐடிலிலேயே 3-க்குக் கீழே கிடந்தால் கோளாறு பெரியது: அடைத்த ஃபில்டர், சரியாக அமராத ரெகுலேட்டர், டேங்குக்குள் பிளந்த ஹோஸ், தேய்ந்த பம்ப், போதாத கரண்ட், இவற்றில் ஒன்று. அளவுக்கு மேலே நின்றால் ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, அணைத்த பிறகு. இன்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். படக்கென்று விழுந்தால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கினால் இன்ஜெக்டர் ஏதாவது சொட்டலாம், எந்த பிளக் கறுத்து ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள். காலையில் நீளமாக செல்ஃப் அடிக்க வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். சோதிக்க எளிய வழி உண்டு: காலையில் சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள், உடனே எடுத்தால் இரவில் பிரஷர் வடிந்திருக்கிறது. ஏற்றத்தில் திணறல் இல்லாமல் இது மட்டும்தான் தொல்லை என்றால் அவசரமில்லை, பணம் சேர்த்துப் பிறகு பார்க்கலாம்.

7. ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்

என் பணமெல்லாம் போனது இந்த ஒரு சோதனையைச் செய்யாததால். மூன்றாவது பட்டறையில் ஒருவர் கேஜ் போட்டார், ஐடிலில் 3.4 காட்டியது, "பிரஷர் பக்கா, காயில் மாத்துங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஐடிலில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம், பம்ப் தருவது அதைவிடப் பல மடங்கு, மிச்சத்தை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பி விடுகிறது. அதனால் பம்ப் பாதி பலத்தில் ஓடினாலும் ஐடிலில் முள் சரியாகவே நிற்கும். முழு மிதி மிதிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கேஜின் ஹோஸை பானட்டின் பின்பக்க இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பர் அடியில் செருகி டேப் ஒட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து முள் தெரிய வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் கேஜை உள்ளே கொண்டுவராதீர்கள், ஹோஸ் பிடுங்கிக்கொண்டால் பெட்ரோல் உங்கள் மடியில். ஹோஸ் சைலன்சர் சூட்டிலோ ஃபேனிலோ படாதபடி இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஓட்டுவது ஒருவர், முள்ளைப் பார்ப்பது இன்னொருவர், நெரிசல் இல்லாத சாலை.

நான் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு தம்பியைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறினேன். சமதளத்தில் 3.4. முதல் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்ததும் முள் நடுங்கி 3-க்கு வந்தது. ஐந்தாவது வளைவில் 2.6. வண்டி குலுங்க ஆரம்பித்தபோது தம்பி "ரெண்டு புள்ளி ஒண்ணு" என்று கத்தினான். அதுவும் இரண்டு மாதம்கூட ஆகாத புது அசெம்ப்ளி. அங்கேயே ஓரம் கட்டி போனில் படம் எடுத்துக்கொண்டேன், அதற்கப்புறம் எந்தப் பட்டறையிலும் யாரும் என்னிடம் காயில் பேச்சு எடுக்கவில்லை.

மிதிக்கும்போது முள் அசையாமல் நின்றும் வண்டி திணறினால் பெட்ரோல் பக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்பார்க், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கணிக்க உதவும் மேப் சென்சார், சைலன்சர் பாதையில் அடைத்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று அந்தப் பக்கம் போங்கள்.

8. பம்புக்குப் போகும் கரண்டை அளந்து பாருங்கள்

புது பம்ப் போட்டும் பிரஷர் விழுகிறது என்றால் அதற்குச் சாப்பாடு போகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் என்பது ஒரு டிசி மோட்டார், வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் தள்ளும் பெட்ரோல் குறையும். கனெக்டரைக் கழற்றி வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் காட்டும், அதை நம்பாதீர்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். மாட்டிய நிலையில், பம்ப் ஓடும்போது அளக்க வேண்டும்.

சாவி ஆஃப் ஆக இருக்கும்போதே கனெக்டரின் பின்பக்கத்தில் குண்டூசி மாதிரி மெல்லிய முனைகளைச் செருகி ஒயரை முன்சீட்டுக்கு இழுத்துவிடுங்கள், மூடிப் பக்கம் பெட்ரோல் வாடை அடித்தால் கதவுகளைத் திறந்து வாடை போகும்வரை காத்திருங்கள். அப்புறம் ஸ்டார்ட். பேட்டரியில் இருப்பதற்கும் பம்பில் இருப்பதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையில் எங்கோ வோல்ட் தொலைகிறது.

என் வண்டியில் பேட்டரியில் 13.8, பம்பில் 11.0. இடையில் தொலைந்தது 2.8 வோல்ட். பிளஸ் பக்கம் மட்டும் அளந்தபோது 0.9, எர்த் பக்கம் 1.9. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் அந்த ஒரு பின்னைச் சுற்றி மட்டும் டீக்கறை நிறத்தில் கருகி, கொஞ்சம் உருகி உள்ளே சரிந்திருந்தது, பின்னைத் தொட்டால் கரி விரலில் ஒட்டியது. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று தகரம் தெரிந்தது. ஒயரோடு கனெக்டர் 280, அவர் கூலி 400. திரும்ப அளந்தால் பம்பில் 13.4. அதே சாலையில் ஏறினேன், இருபது வளைவும் முள் 3.4-ஐ விட்டு நகரவில்லை.

பிறகு அந்தப் பழைய பம்ப் மோட்டாரைப் போட்டும் சோதித்தேன், அதுவும் நன்றாகவே வேலை செய்தது. அதனால் கழற்றிய பொருளைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: "ரிலே எல்லாம் வேண்டாம், பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும்படி இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ பார்த்துக்கொள்கிறது. நேர் ஒயர் போட்டால், விபத்தில் பைப் உடைந்தாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

9. ஃபில்டர், சல்லடை, டேங்க்

கரண்ட் சரியாக இருந்தும் ஏற்றத்தில் முள் விழுந்தால் அடுத்தது அடைப்பு. சில வண்டிகளில் ஃபில்டர் வெளியே தனியாக இருக்கும், சிலவற்றில் டேங்குக்குள் பம்போடு. சல்லடையோடு சேர்த்து எனக்கு 850 ரூபாய் சொன்னார்கள். சல்லடை பழுப்பேறி வழவழவென்று இருந்தால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும், அதைக் கழுவாமல் புதுச் சல்லடை போடுவது வீண்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். 2006-இல் செய்த ஹோஸ்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல, டேங்கைத் திறக்கும்போதே ஹோஸ், ஓ ரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கேஸ் கிட் போட்ட வண்டிக்காரர்களுக்கு: பெட்ரோல் பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். கேஸில்தானே ஓடுகிறது என்று டேங்கைக் காய விட்டுவிட்டு, அவசரத்துக்குப் பெட்ரோலுக்கு மாற்றினால் பம்ப் சீக்கிரம் போய்ச்சேரும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்.

10. பம்ப்தான் என்று உறுதியானால்

கரண்ட் 13 வோல்ட்டுக்கு மேல், ஃபில்டர் புதிது, ஹோஸ் சரி, அப்படியும் முள் விழுகிறது என்றால் இப்போது தைரியமாகப் பம்ப் வாங்கலாம். மோட்டார் மட்டும் போதுமா, முழு அசெம்ப்ளியா? ரெகுலேட்டரும் பெட்ரோல் முள்ளின் மிதவையும் நன்றாக இருந்தால் மோட்டார் போதும், பாதிக்கும் குறைவான விலையில் முடியும். பெயர் தெரிந்த கம்பெனியின் மோட்டார், சீல் உடையாத பெட்டியில்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய கதவோ கண்ணாடியோ தாராளமாக வாங்கலாம், பழைய பம்ப் மட்டும் வேண்டாம். கழற்றி வெயிலில் உலர்ந்த பம்ப் எத்தனை நாள் ஓடும் என்று விற்பவருக்கும் தெரியாது.

11. பில், ஆர்சி, நாள் கணக்கு

உதிரிபாகக் கடைக்குப் போகும்போது ஆர்சி நகல் கையில் இருக்கட்டும். ஒரே பெயரில் வந்த கார்களிலேயே வருடத்துக்கு வருடம் பம்ப் மாறும், சேஸிஸ் எண்ணும் தயாரித்த மாதமும் சொன்னால்தான் சரியான பாகம் வரும். பழைய பாகத்தின் மேல் அச்சடித்த எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக்கல் பொருளை ஒருமுறை மாட்டினால் திரும்ப வாங்க மாட்டார்கள், பல கடைகளில் பில்லிலேயே அச்சடித்திருக்கும், பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பில்லில் பாக எண், தேதி, கடை சீல் மூன்றும் வேண்டும், மாட்டிய அன்றைய கிலோமீட்டரை நீங்களே பேனாவில் எழுதுங்கள்.

நேரம்: 1 முதல் 3 வரையிலான படிகள் ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம். கேஜ் வர ஐந்து நாள். கேஜ் மாட்டி ஓட்டிப் பார்ப்பது ஒரு காலை. கரண்ட் சோதனை இரண்டு மணி நேரம். டேங்க் இறக்கிக் கழுவுவது என்றால் ஒரு முழு நாள்.

வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியப்போகிறது என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆர்சி புதுப்பிக்க படிவம் 25-ஐ, காலம் முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய். புகைச் சான்றும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும், கேஸ் கிட் இருந்தால் அது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். திணறும் வண்டியோடு ஆர்டிஓ ஆபீசில் போய் நிற்காமல், அந்த 60 நாள் தொடங்கும் முன்பே பிரஷர் வேலையை முடித்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு டி ஜாயின்ட்டைக் கழற்றி பழைய இணைப்பை மாட்டும்போது, மறுபடியும் 5-வது படியில் சொன்னபடி பிரஷரை இறக்கித்தான் செய்ய வேண்டும். அன்று இரவு வண்டியை மூடிய ஷெட்டில் விடாமல் வெளியே நிறுத்துங்கள். காலையில் பின்சீட்டுப் பக்கமும் பானட் பக்கமும் முகர்ந்து பாருங்கள், வாடை இல்லை என்றால் சீட்டைத் திரும்ப மாட்டலாம்.